தமிழ்நாட்டில் இளங்குழந்தை நலச் சேவைகளில் சமத்துவம்

தமிழ்நாட்டில் இளங்குழந்தை நலச் சேவைகளில் சமத்துவம் என்பது, கருவுற்ற காலம் தொடங்கிக் குழந்தைக்கு ஆறு வயது நிறையும் வரை தாய்க்கும் சேய்க்கும் கிடைக்க வேண்டிய மருத்துவ, தடுப்பூசி, ஊட்டச்சத்துச் சேவைகள், குடும்பத்தின் வருவாய், சாதி, சமயம், வாழிடம், குழந்தையின் பால் ஆகியவை தடையாகாமல், தேவைக்கேற்பச் சென்றடைவதைக் குறிக்கும். இந்திய மாநிலங்களுள் குழந்தை இறப்பு வீதத்தைப் பெருமளவு குறைத்த மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. மாதிரிப் பதிவு முறையின் 2020 ஆம் ஆண்டுக் கணக்கின்படி, ஆயிரம் உயிர்ப் பிறப்புகளுக்கு இந்தியாவில் 28 குழந்தைகளும் தமிழ்நாட்டில் 13 குழந்தைகளும் ஒரு வயது நிறையும் முன் இறந்தன.

எனினும் மாநில சராசரி உயர்ந்திருப்பது எல்லாக் குடும்பங்களும் ஒரே அளவில் பயன்பெற்றதைக் காட்டுவதாகாது. இத்துறையில் தமிழ்நாட்டின் வரலாற்றை நோக்குமிடத்து, சேவை குடும்பத்தின் வாசலுக்குச் சென்ற காலங்களில் இடைவெளி குறைந்ததையும், குடும்பம் சேவையைத் தேடிச் செல்ல வேண்டியிருந்த காலங்களில் அது விரிந்ததையும் காணலாம். இக்கட்டுரை அவ்வரலாற்றையும், சேவைகளின் அமைப்பையும், பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு எஞ்சியுள்ள இடைவெளிகளையும் விளக்குகின்றது.

கருத்துரு

சமம், சமத்துவம் ஆகிய இரண்டும் பொதுச் சுகாதாரத்தில் வேறுபடுத்திக் காணப்படுகின்றன. எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே அளவு சேவையை அளிப்பது சமம். மிகுதியான தேவை உள்ள குழந்தைக்கு மிகுதியான சேவையை அளித்து, இறுதியில் எல்லாக் குழந்தைகளும் ஒத்த நலத்துடன் வளர வழிசெய்வது சமத்துவம். எடுத்துக்காட்டாக, எடை குறைந்த குழந்தைக்கும் நல்ல எடையுள்ள குழந்தைக்கும் ஒரே அளவு சத்துமாவு வழங்குவது சமமாகும். எடை குறைந்த குழந்தைக்குக் கூடுதல் உணவும் மருத்துவப் பரிசோதனையும் வழங்குவது சமத்துவமாகும்.

வேல்சு நாட்டு மருத்துவரான ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971 இல் லான்செட் இதழில் 'தலைகீழ்ப் பராமரிப்பு விதி' என்ற கருத்தை முன்வைத்தார். நல்ல மருத்துவம் மிகுதியாகத் தேவைப்படும் மக்களுக்கே அது குறைவாகக் கிடைக்கின்றது என்பது இதன் சாரம். 1978 ஆம் ஆண்டின் அல்மா அட்டா சாற்றுரை, மக்கள் வாழும் இடத்துக்கு அருகிலேயே அடிப்படை நலச் சேவை கிடைக்க வேண்டும் என வலியுறுத்தியது. உலக சுகாதார அமைப்பு, யுனிசெப், உலக வங்கி ஆகியன இணைந்து 2018 இல் வெளியிட்ட வளர்ப்புப் பராமரிப்புச் சட்டகம், இளங்குழந்தைக்குத் தேவையானவற்றை உடல்நலம், ஊட்டம், பாதுகாப்பு, பெற்றோரின் பரிவான கவனிப்பு, தொடக்கக் கற்றல் என ஐந்தாக வகுத்தது.

வரலாறு

அங்கன்வாடிகளின் தோற்றம்

1939 ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம், இந்தியாவில் இத்துறையில் இயற்றப்பட்ட முன்னோடிச் சட்டங்களுள் ஒன்று. பொதுச் சுகாதாரத்துக்கெனத் தனி இயக்ககமும் தனிப் பணியாளர் அணியும் கொண்டிருப்பது தமிழ்நாட்டு அமைப்பின் சிறப்பியல்பு ஆகும். நோய் வந்தபின் சிகிச்சை அளிக்கும் மருத்துவமனைகள் வேறொரு இயக்ககத்தின் கீழ் இயங்குகின்றன. இதனால் நோய்த் தடுப்புப் பணிகள், மருத்துவமனைப் பணிச்சுமையில் பின்தள்ளப்படாமல் நடைபெற வழி ஏற்பட்டது.

இந்திய அரசு 1975 அக்டோபர் 2 அன்று, நாடு முழுவதும் 33 திட்டப் பகுதிகளில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியது. இதன் களநிலை அலகே அங்கன்வாடி ஆகும். துணை உணவு, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, உயர் மருத்துவத்துக்குப் பரிந்துரை, ஊட்டச்சத்துக் கல்வி, முன்பருவக் கல்வி ஆகிய ஆறு சேவைகள் இதில் அடங்கும்.

தமிழ்நாட்டில் 1982 சூலை 1 அன்று, அப்போதைய முதலமைச்சர் எம். ஜி. இராமச்சந்திரன் திருச்சிராப்பள்ளி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். இன்றைய பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் அக்காலத்தில் திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலேயே இருந்தன. பள்ளி செல்லாத இரண்டு முதல் ஐந்து வயதுக் குழந்தைகளும் தொடக்கத்திலிருந்தே இத்திட்டத்தில் சேர்க்கப்பட்டனர்.

ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம்

உலக வங்கியின் கடனுதவியுடன் 1980 இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், சமத்துவக் கருத்தை நடைமுறைப்படுத்திய தொடக்க முயற்சிகளுள் குறிப்பிடத்தக்கது. இத்திட்டத்தில் ஊர்தோறும் அவ்வூர்ப் பெண் ஒருவர் ஊட்டச்சத்துப் பணியாளராக அமர்த்தப்பட்டார். 6 முதல் 36 மாத வயதுடைய எல்லாக் குழந்தைகளின் எடையும் மாதந்தோறும் எடுக்கப்பட்டது. எடை கூடாத அல்லது குறைந்த குழந்தைக்கு மட்டும் குறிப்பிட்ட காலம் வரை சத்துருண்டை வழங்கப்பட்டது. எடை தேறியதும் அது நிறுத்தப்பட்டு, குழந்தையைத் தொடர்ந்து கவனிக்கும் பணி மட்டும் நடந்தது.

எல்லோரையும் எடைபோட்டுத் தேவையுள்ளோரைத் தெரிந்தெடுக்கும் இம்முறை, குறைந்த செலவில் கடுமையான எடைக்குறைவைக் குறைத்ததாக மதிப்பிடப்பட்டது. திட்டத்தின் முதற்கட்டம் 1989 வரையும், இரண்டாம் கட்டம் 1990 முதல் 1997 வரையும் நடைபெற்றன. பின்னர் இதன் மையங்கள் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்துடன் இணைக்கப்பட்டன.

உச்ச நீதிமன்ற ஆணைகள்

உணவு உரிமை தொடர்பாக 2001 இல் மக்கள் குடியுரிமைக் கழகம் தொடுத்த வழக்கில், ஒவ்வொரு குடியிருப்பிலும் அங்கன்வாடி அமைய வேண்டும் என இந்திய உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2004 ஆம் ஆண்டு ஆணை, பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் வாழும் குடியிருப்புகளுக்குப் புதிய மையங்களில் முன்னுரிமை அளிக்கப் பணித்தது. 2006 டிசம்பர் ஆணை, ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகளாவது உள்ள குடியிருப்பு கோரினால் மையம் அமைத்துத் தர வேண்டும் என்றது.

இவ்வாணைகளின் பொருளை ஊரமைப்பைக் கொண்டு விளங்கிக் கொள்ளலாம். தமிழக ஊர்கள் பலவற்றில் ஊரும் காலனியும் தனித்தனியே அமைந்துள்ளன. மையம் ஊரின் நடுவில் அமைந்தால் காலனிக் குழந்தை அங்கு வருவது தொலைவால் மட்டுமின்றிச் சாதியாலும் தடைபடலாம். எனவே மையத்தின் எண்ணிக்கையைப் போலவே அது நிற்கும் இடமும் இன்றியமையாதது. 2006 இல் வெளியான 'ஃபோகஸ்' அறிக்கை, ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மாநிலங்களுள் தமிழ்நாட்டு அங்கன்வாடிகள் சிறப்பாகச் செயற்படுவதாகக் குறிப்பிட்டது. தமிழ்நாட்டில் முதன்மை மையங்களும் குறுமையங்களுமாக 54,439 அங்கன்வாடிகள் ஏற்படுத்தப்பட்டன.

சேவைகளின் அமைப்பு

ஊரக நலச் சேவையின் அடித்தளம் துணை சுகாதார நிலையம் ஆகும். சமவெளிப் பகுதியில் 5,000 மக்களுக்கும், மலைப்பகுதியில் 3,000 மக்களுக்கும் ஒரு துணை நிலையம் என்பது தேசிய நெறி. இதன் பொறுப்பாளர் கிராம சுகாதாரச் செவிலியர். கருவுற்றோரைப் பதிவு செய்தல், வீட்டுக்குச் சென்று பார்த்தல், தடுப்பூசி போடுதல், பேற்றுக்குப் பின் தாயையும் சேயையும் கவனித்தல் ஆகியன இவரது பணிகள். தமிழ்நாட்டில் புதன்கிழமை தடுப்பூசி நாளாகக் கடைப்பிடிக்கப்படுகின்றது.

அடுத்த நிலையில், சமவெளியில் 30,000 மக்களுக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது நெறி. மூன்று செவிலியர்களை முறைப்பணியில் அமர்த்தி 24 மணி நேரமும் மகப்பேறு பார்க்கும் வசதி இந்நிலையங்களில் படிப்படியாக ஏற்படுத்தப்பட்டது. இரவில் வலி கண்ட தாய்க்கு அருகிலேயே பேறு பார்க்க ஆள் இருக்கும் என்ற உறுதி, வீட்டுப் பேறு மறைந்தமைக்கு முக்கியக் காரணங்களுள் ஒன்றாகும். 1994 இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து அரசு நிலையங்களுக்கு வழங்குகின்றது. 2008 செப்டம்பரில் 108 அவசர ஊர்திச் சேவை தமிழ்நாட்டில் தொடங்கியது.

2013 இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ், நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கும் பள்ளிகளுக்கும் சென்று பிறவிக் குறைபாடு, நோய், சத்துக்குறைவு, வளர்ச்சித் தாமதம் ஆகிய நான்கையும் கண்டறிகின்றன. குறைபாடு உடைய குழந்தைகள் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்களுக்கு அனுப்பப்படுகின்றனர்.

2022 மே மாதம் நீலகிரி மாவட்டத்தில் 'ஊட்டச்சத்தை உறுதி செய்' என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. அங்கன்வாடிக் குழந்தைகளை எடையும் உயரமும் அளந்து, கடும் ஊட்டக்குறைவு உள்ளோரைப் பிரித்தறிந்து தனி உணவும் மருத்துவமும் அளிப்பது இதன் முறை. இதன் இரண்டாம் கட்டம் 2024 நவம்பர் 15 அன்று அரியலூர் மாவட்டம் வாரணவாசியில் தொடங்கி வைக்கப்பட்டது. 1980 ஆம் ஆண்டுத் திட்டத்தின் அடிப்படைக் கருத்து நாற்பது ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் பயன்படுத்தப்பட்டதாக இதனைக் கருதலாம்.

மகப்பேறு நிதியுதவி

டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் 1987 இல் 300 ரூபாயுடன் தொடங்கியது. இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினரும் மருத்துவருமான முத்துலெட்சுமி ரெட்டியின் பெயரால் இது அமைந்தது. உதவித்தொகை 2006 இல் 6,000 ரூபாயாகவும், 2011 இல் 12,000 ரூபாயாகவும், 2018 இல் ஊட்டச்சத்துப் பெட்டகங்களின் மதிப்பையும் சேர்த்து 18,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது.

கூலி வேலைக்குச் செல்லும் பெண்ணுக்குச் சம்பளத்துடன் கூடிய பேறுகால விடுப்பு இல்லை. பேற்றுக்கு முன்னும் பின்னும் அவர் இழக்கும் கூலிக்கு ஓரளவு ஈடு செய்வது இத்திட்டத்தின் நோக்கம். 2018 ஆம் ஆண்டு முறையில், 12 வாரத்துக்குள் கருவைப் பதிவு செய்தல், அரசு மருத்துவ நிலையத்தில் பேறு, குழந்தைக்கு உரிய தடுப்பூசி ஆகியவற்றுடன் தவணைகள் பிணைக்கப்பட்டன.

முதல் இரண்டு பேறுகளுக்கும், 19 வயது நிறைந்த தாய்மாருக்கும் மட்டுமே உதவி என்ற விதி விமர்சனத்துக்கு உள்ளானது. மிக இளவயதில் மணமுடிக்கப்பட்ட பெண்களும், மூன்றாவது குழந்தை பெறும் ஏழைத் தாய்மாரும் ஊட்டக்குறைவு வாய்ப்பு மிக்கவர்கள். விதியின்படி அவர்களே உதவிக்கு வெளியே நிற்கின்றனர். குடும்பக் கட்டுப்பாட்டை ஊக்குவிப்பதற்காக விதிக்கப்பட்ட நிபந்தனையின் சுமை, பிறந்த குழந்தையின் மீது விழுகின்றது என்பது இவ்விமர்சனத்தின் சாரம்.

புள்ளிவிவரங்கள்

தேசியக் குடும்பநல ஆய்வின் மூன்றாம் (2005-06), நான்காம் (2015-16), ஐந்தாம் (2019-21) சுற்றுகளில் தமிழ்நாட்டுக்குக் கிடைத்த அளவுகள் முறையே பின்வருமாறு:

• மருத்துவ நிலையங்களில் மகப்பேறு: 87.8, 98.9, 99.6 விழுக்காடு
• ஒரு வயதுக்குட்பட்டோர் இறப்பு, ஆயிரம் பிறப்புகளுக்கு: 30.4, 20.2, 18.6
• ஐந்து வயதுக்குட்பட்டோர் இறப்பு, ஆயிரம் பிறப்புகளுக்கு: 35.5, 26.8, 22.3
• எல்லா அடிப்படைத் தடுப்பூசிகளும் பெற்ற 12-23 மாதக் குழந்தைகள்: 80.9, 69.7, 89.2 விழுக்காடு
• வயதுக்கேற்ற உயரம் இல்லாத ஐந்து வயதுக்குட்பட்டோர்: 30.9, 27.1, 25.0 விழுக்காடு
• இரத்தசோகை உள்ள 6-59 மாதக் குழந்தைகள்: 64.2, 50.7, 57.4 விழுக்காடு

மருத்துவ நிலையத்தில் பிறப்பது ஏறத்தாழ எல்லோருக்கும் வாய்த்துள்ளது. ஆயினும் நான்கில் ஒரு குழந்தை வயதுக்கேற்ற உயரம் பெறவில்லை. பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு இரத்தசோகை உள்ளது. ஒரே நாளில் ஓரிடத்தில் முடிந்துவிடும் சேவையில் மாநிலம் பெரும் வெற்றி கண்டுள்ளது. நாள்தோறும் வீட்டில் தொடர வேண்டிய ஊட்டத்தில் அதே வெற்றி கிட்டவில்லை. ஐந்தாம் சுற்றில், பிறந்த 28 நாட்களுக்குள் நிகழ்ந்த இறப்பு ஆயிரத்துக்கு 12.7 ஆகும். அதாவது ஒரு வயதுக்குட்பட்ட இறப்புகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு முதல் மாதத்திலேயே நிகழ்ந்தன. எனவே பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதும் சமத்துவத்தின் அளவுகோல் ஆகின்றது.

2008 ஆம் ஆண்டுத் தடுப்பூசி மாற்றம்

2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போடப்பட்ட நான்கு குழந்தைகள் இறந்தனர். இதையடுத்து, ஊர்களிலும் துணை நிலையங்களிலும் தடுப்பூசி போடும் முறை நிறுத்தப்பட்டு, மருத்துவர் உள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் அப்பணி மாற்றப்பட்டது. குழந்தைகளின் பாதுகாப்பைக் கருதி எடுக்கப்பட்ட இம்முடிவுக்கு மற்றொரு விளைவும் இருந்தது. செவிலியர் ஊருக்கு வந்து போட்ட ஊசிக்காகத் தாய் பேருந்து ஏறிச் செல்ல வேண்டியதாயிற்று. சொந்த ஊர்தி உள்ள குடும்பத்துக்கு இது சிறு மாற்றம். கூலித் தொழிலாளிக்கு ஒவ்வொரு தவணையும் ஒரு நாள் கூலியின் இழப்பு.

மேலே தரப்பட்டுள்ள தடுப்பூசி அளவு 80.9 இலிருந்து 69.7 விழுக்காடாக இறங்கிய பத்தாண்டு இதனையும் உள்ளடக்கியது. தடுப்பூசி அட்டையைத் தொலைத்தல், தனியார் மருத்துவமனையில் போட்ட ஊசி பதிவாகாமை போன்ற வேறு காரணங்களும் இச்சரிவில் பங்கு கொண்டிருக்கக் கூடும். பின்னர் ஊர்களில் தடுப்பூசி போடும் முறை மீண்டும் கொண்டுவரப்பட்டது. 2011 டிசம்பரில், இந்தியாவிலேயே முதலாவதாகத் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் ஐந்து நோய்களைத் தடுக்கும் பெண்டாவேலண்ட் தடுப்பூசி அறிமுகமானது.

2017 பிப்ரவரியில் தொடங்கிய தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி இயக்கத்தின்போது சமூக ஊடகங்களில் பரவிய வதந்திகளால் பெற்றோர் பலர் தயங்கினர். தொலைவு மட்டுமன்றி நம்பிக்கையும் சேவை சென்றடைவதைத் தீர்மானிக்கின்றது என்பதை இந்நிகழ்வு காட்டியது.

பெண் குழந்தைகள்

2011 ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 943 பெண் குழந்தைகள் இருந்தனர். இவ்வெண்ணிக்கை கடலூர் மாவட்டத்தில் 896 ஆகவும், அரியலூர் மாவட்டத்தில் 897 ஆகவும், பெரம்பலூர் மாவட்டத்தில் 913 ஆகவும் இருந்தது. ஒன்றையொன்று அடுத்துள்ள இம்மூன்று மாவட்டங்களும் மாநிலத்தின் மிகக் குறைந்த விகிதங்களைக் கொண்டவற்றுள் அடங்கின.

1992 இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கப்பட்ட தொட்டில் குழந்தைத் திட்டம், இக்கணக்கெடுப்புக்குப் பின் கடலூர், அரியலூர், பெரம்பலூர், விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. பெற்றோர் வளர்க்க விரும்பாத குழந்தையை அரசிடம் ஒப்படைக்க இது வழிசெய்கின்றது. பெண் சிசுக்கொலையைத் தடுக்கும் நடவடிக்கையாக இது வரவேற்கப்பட்டபோதும், பெண் குழந்தையைக் கைவிடுவதை இயல்பாக்குகின்றது என்ற எதிர்ப்பும் எழுந்தது. கருவின் பாலை அறிவதைத் தடை செய்யும் சட்டம் 1994 இல் இயற்றப்பட்டது. பெண் குழந்தையின் பெயரில் வைப்புத்தொகை செலுத்தும் முதலமைச்சரின் பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டம் 1992 இல் தொடங்கியது.

எல்லையோர ஊர்கள்: லப்பைக்குடிக்காடு

பெரம்பலூர் மாவட்டம் 1995 இல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. அரியலூர் 2001 இல் தனி மாவட்டமாகி, 2002 இல் மீண்டும் பெரம்பலூருடன் இணைக்கப்பட்டு, 2007 நவம்பரில் மறுபடியும் தனி மாவட்டமானது. 2011 கணக்கெடுப்பில் பெரம்பலூர் மாவட்ட மக்கள் தொகை 5,65,223. அவர்களுள் ஏறத்தாழ 31 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம் ஆகியவை இங்கு மிகுதியாகப் பயிராகின்றன. களையெடுப்பிலும் அறுவடையிலும் பெண்களின் உழைப்பே மிகுதி. 2022 இல் தமிழ்நாட்டில் ஒரே நேரத்தில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளுள் அரியலூரும் ஒன்று. பெரம்பலூர் அப்பட்டியலில் இடம்பெறவில்லை.

லப்பைக்குடிக்காடு, பெரம்பலூர் மாவட்டம் குன்னம் வட்டத்தில் வெள்ளாற்றின் தென்கரையில் அமைந்த பேரூராட்சி ஆகும். லப்பை என்னும் சொல் தமிழ் முசுலிம்களுள் ஒரு பிரிவினரைக் குறிக்கும். குடிக்காடு என்று முடியும் ஊர்ப்பெயர்கள் இப்பகுதியில் பல உள்ளன. ஊரில் முசுலிம்கள் பெரும்பான்மையினர். வளைகுடா நாடுகளில் பணிபுரியும் ஆடவர் பலர். ஆற்றின் வடகரையில் கடலூர் மாவட்டத்தின் திட்டக்குடி உள்ளது. அங்கு அரசு மருத்துவமனை இயங்குகின்றது. மாவட்டத் தலைநகரான பெரம்பலூரை விடத் திட்டக்குடியே இவ்வூருக்கு மிக அருகில் இருக்கின்றது.

இத்தகைய ஊர்களின் அமைவிடம் குழந்தை நலச் சேவையில் மூன்று சிக்கல்களை எடுத்துக்காட்டுகின்றது.

முதலாவது, நிர்வாக எல்லை. செவிலியரும் அங்கன்வாடியும் ஒரு மாவட்டத்தின் கணக்கில் வர, அவசரத்துக்குக் குடும்பம் செல்லும் மருத்துவமனை மற்றொரு மாவட்டத்தின் கணக்கில் வரக்கூடும். ஆற்றைக் கடந்து நடந்த பேற்றின் விவரம் இக்கரைச் செவிலியருக்கு உரிய நேரத்தில் தெரியாவிட்டால், பிறந்த முதல் வாரத்தில் நடக்க வேண்டிய வீட்டுப் பார்வை தவறிவிடும்.

இரண்டாவது, ஊரின் தரநிலை. 2013 இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற நலவாழ்வு இயக்கம் பெரும்பாலும் 50,000 மக்களுக்கு மேற்பட்ட நகரங்களுக்கு உரியது. அதற்குக் குறைந்த மக்கள் தொகையுடைய பேரூராட்சிகள் ஊரக அமைப்பிலேயே அடங்கும். நெருக்கமான தெருக்களும் வாடகை வீடுகளும் கொண்டு நகரத்தின் இயல்புகளைப் பெற்றுள்ள சிற்றூர்கள், கிராமத்துக்கென வகுத்த ஆள்பலத்தைக் கொண்டே சேவை பெறுகின்றன.

மூன்றாவது, இடப்பெயர்வு. தந்தை அயல்நாட்டில் இருக்கும் வீட்டில் குழந்தையை மருத்துவரிடம் கொண்டு செல்வது முதல் பதிவு ஆவணங்கள் வரை எல்லாப் பொறுப்பும் தாயையும் வீட்டு மூத்தோரையும் சார்கின்றது. வருமானம் இருந்தும் துணையின்மையால் சேவை தாமதப்படலாம் என்பதால், வறுமைக்கோட்டை மட்டும் கொண்டு தேவையை அளத்தல் போதாது. மறுபுறம் கரும்பு வெட்டுக்கும் செங்கற் சூளைக்கும் குடும்பத்தோடு செல்லும் தொழிலாளரின் குழந்தைகள், சொந்த ஊர் அங்கன்வாடியிலும் வேலை செய்யும் ஊர் அங்கன்வாடியிலும் பெயரின்றிப் போகும் வாய்ப்பு உண்டு.

தாய்வீடும் பதிவும்

வளைகாப்புக்குப் பின் தாய்வீட்டுக்குச் சென்று முதற்பேறு கண்டு, சில மாதங்கள் கழித்துக் கணவர் வீட்டுக்குத் திரும்புவது தமிழகத்தில் பரவலான வழக்கம். தடுப்பூசி அட்டவணையுடன் இதனை ஒப்பிட்டால் சிக்கல் விளங்கும். கரு பதிவாவது பெரும்பாலும் கணவர் ஊரில். பிறந்தவுடன் போடும் ஊசிகளும், 6, 10, 14 ஆவது வாரத் தவணைகளும் தாய்வீட்டில். 9 ஆவது மாதத் தட்டம்மை, ரூபெல்லா ஊசி மீண்டும் கணவர் ஊரில். ஒரே குழந்தையின் பராமரிப்பு இவ்வாறு இரண்டு செவிலியரின் ஏடுகளில் பிரிந்து கிடக்கின்றது. 'அங்கே போட்டிருப்பார்கள்' என இருவரும் எண்ண இடமுண்டு.

இதற்குத் தீர்வாகத் தமிழ்நாடு அரசு 2008 இல் 'பிக்மி' எனப்படும் கருவுற்றோர், சிசு தொடர் கண்காணிப்பு மென்பொருளை அறிமுகப்படுத்தியது. ஒவ்வொரு கருவுற்ற பெண்ணுக்கும் 12 இலக்க எண் வழங்கப்படுகின்றது. பெண் எந்த ஊருக்குச் சென்றாலும் அவ்வெண்ணைக் கொண்டு முந்தைய பரிசோதனைகளை அறியலாம். தாய் தாமாகவே இணையத்தில் பதிவு செய்யும் வசதியும் பின்னர் சேர்க்கப்பட்டது. பிறப்புச் சான்றிதழ் பெறுவதற்கும் இவ்வெண் கேட்கப்படுகின்றது. அங்கன்வாடிச் சேவைகளுக்கென நடுவண் அரசு 2021 இல் 'போஷன் டிராக்கர்' செயலியைக் கொண்டு வந்தது.

பதிவு முறை இருமுனை கொண்டது. பதிவான குழந்தையின் விடுபட்ட தவணை திரையில் தெரியும். பதிவாகாத குழந்தையோ கணக்கிலேயே வராது. 'பதிவு செய்யப்பட்டோரில் இத்தனை விழுக்காடு' என்னும் அறிக்கையில் அக்குழந்தையின் இல்லாமை புலப்படுவதில்லை. ஆவணங்கள் இல்லாத நாடோடிக் குடும்பத்துக்கும் பிற மாநிலத் தொழிலாளருக்கும் இவ்வெண்ணே தடையாக மாறாமல் காப்பது களப்பணியாளரின் பொறுப்பாகின்றது.

இலங்கையுடன் ஒப்பீடு

இலங்கையில் 1926 இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதார அலகு முறை, வீடு தேடிச் செல்லும் குடும்பநல மாதர் சேவைக்கு அடித்தளம் இட்டது. தெற்காசியாவில் குழந்தை இறப்பு மிகக் குறைந்த நாடுகளுள் இலங்கை ஒன்று. எனினும் 2016 ஆம் ஆண்டு மக்கள்தொகை, சுகாதார ஆய்வின்படி, வயதுக்கேற்ற உயரமின்மை நாடளவில் 17.3 விழுக்காடாக இருக்க, மலையகத் தமிழர் பெருமளவில் வாழும் பெருந்தோட்டத் துறையில் 31.7 விழுக்காடாக இருந்தது. தோட்டங்களின் மருத்துவ வசதி நெடுங்காலம் தோட்ட நிர்வாகங்களின் பொறுப்பில் இருந்தது. நாட்டின் பொதுச் சேவை எவ்வளவு சிறந்திருப்பினும், அதன் எல்லைக்கு வெளியே வைக்கப்பட்ட குழந்தைகளுக்கு அச்சிறப்பு முழுமையாகப் பயன்படவில்லை என்பதற்கு இது சான்றாகும்.

சமத்துவத்தை மேம்படுத்தும் வழிமுறைகள்

மேற்கண்ட அனுபவங்களிலிருந்து பின்வரும் வழிமுறைகள் பெறப்படுகின்றன:

• மாவட்ட சராசரியுடன் நில்லாது, குடியிருப்பு வாரியாகவும் ஆண், பெண் வாரியாகவும் தடுப்பூசி, எடை விவரங்களைப் பிரித்துப் பார்த்தல்.
• தடுப்பூசி முகாமை ஊரிலும் காலனியிலும் மாறிமாறி நடத்துதலும், வேலைக்குச் செல்லும் தாய்மாருக்கு ஏற்ற நேரத்தை வகுத்தலும்.
• மாவட்ட எல்லையில் உள்ள ஊர்களுக்கு, அருகிலுள்ள மருத்துவமனை எம்மாவட்டத்தில் இருப்பினும் அதனையே பரிந்துரை நிலையமாகக் கொண்டு, பேறு நடந்த செய்தியை இருபுறச் செவிலியரும் பகிர்தல்.
• தாய்வீட்டுக்குச் செல்லும் பெண்ணின் பெயரை நீக்காமல், மற்ற ஊர்ச் செவிலியர் ஏற்றுக்கொண்டதை உறுதி செய்தபின் மாற்றுதல்.
• செவிலியர் பணியிடங்களைக் காலியாக விடாதிருத்தல். ஒருவர் இரண்டு துணை நிலையங்களைக் கவனிக்க நேர்ந்தால் முதலில் குறைவது தொலைவிலுள்ள வீடுகளுக்கான வருகையே.
• நிதியுதவியின் நிபந்தனைகள், மிகுந்த தேவை உள்ள தாய்மாரை விலக்குகின்றனவா என மீளாய்வு செய்தல்.

இவற்றுள் பல, புதிய கட்டடமோ புதிய திட்டமோ வேண்டாதவை. இருக்கும் சேவையை யார் பெறவில்லை என்பதைப் பெயரளவில் அறிந்து, அவ்வீட்டுக்கு ஒருவர் செல்வதையே அவை வேண்டுகின்றன.

இவற்றையும் பார்க்க

• ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம்
• சத்துணவுத் திட்டம்
• தொட்டில் குழந்தைத் திட்டம்
• முத்துலெட்சுமி ரெட்டி
• பெரம்பலூர் மாவட்டம்
• லப்பைக்குடிக்காடு